குர்ஆன் மேல் செய்த சத்தியம்: நௌரோஸ் கான் ஏன் மலையேறினார்?

கேள்வி இது: "1958-இல் பாகிஸ்தான் மத்திய அரசை எதிர்த்து மலையேறிய நவாப் நௌரோஸ் கான் யார்? ஒரு வருஷம்கூட நீடிக்காத அந்தக் கலகத்தை பலூச்கள் இன்னும் ஏன் மறக்கவில்லை?"

சண்டை என்று பார்த்தால் அது சின்னதுதான். சில நூறு பேர், பழைய துப்பாக்கிகள், ஒரு மலைத்தொடர். ஆனால் பலூச் வீடுகளில் சண்டையைப் பற்றிப் பேச்சு அதிகம் வருவதில்லை. சண்டையை முடிக்கக் கொடுத்த வாக்கைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த வாக்கின் கதையைச் சொல்ல, பத்து வருஷம் பின்னால் போக வேண்டும்.

இன்றைய பாகிஸ்தானின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 44 சதவீதம், பலூச்களின் தாயகமான பலூச்சிஸ்தான். அதன் நடுப்பகுதியில் இருந்த சமஸ்தானம் கலாத். ஹைதராபாத், மைசூர் மாதிரி இன்னொரு சமஸ்தானம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. கலாத் மன்னர்கள் அப்படி நினைத்ததே இல்லை. 1876-இல் ஆங்கிலேயரோடு போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி, 'நாங்கள் இந்திய சமஸ்தானம் அல்ல, நேபாளம் போலத் தனியே பிரிட்டிஷ் முடியோடு உறவு வைத்திருக்கும் நாடு' என்று வாதாடி வந்தார்கள். 1946-இல் இந்த வாதத்தை பிரிட்டிஷ் அமைச்சரவைக் குழுவிடம் எடுத்து வைக்க, கலாத்தின் 'கான்' (அந்த மன்னர்களின் பட்டம் அது) மீர் அகமது யார் கான் அமர்த்திய வழக்கறிஞர் முகமது அலி ஜின்னா! 1947 ஆகஸ்ட் 4 அன்று டெல்லியில் நடந்த பேச்சில் கலாத்தின் தனி அந்தஸ்து ஒப்புக்கொள்ளப்பட்டது. பாகிஸ்தான் பிறந்த மறுநாள், ஆகஸ்ட் 15 அன்று, கான் தன் நாடு சுதந்திரம் பெற்றதாக அறிவித்தார். இரண்டு அவைகள் கொண்ட ஒரு சட்டசபையும் அமைத்தார்.

அந்தச் சபையில் 1947 டிசம்பரில் மீர் கௌஸ் பக்ஷ் பிசென்ஜோ என்ற இளைஞர் பேசிய பேச்சை இன்றும் எடுத்துச் சொல்வார்கள். முஸ்லிம்கள் என்பதற்காக பாகிஸ்தானோடு சேர வேண்டும் என்றால், ஆப்கானிஸ்தானும் ஈரானும்கூட முஸ்லிம் நாடுகள், அவையும் சேர வேண்டியதுதானே என்பது அவர் வாதத்தின் சாரம். சபை இணைப்பை ஏற்கவில்லை. ஆனால் 1948 மார்ச் நடுவில், கலாத்துக்கு உட்பட்டவை என்று கான் உரிமை கொண்டாடிய கரான், லாஸ் பேலா, மக்ரான் மூன்றையும் பாகிஸ்தான் தனித்தனியாகச் சேர்த்துக்கொண்டது. கலாத்துக்கு இருந்த கடற்கரை போயிற்று. மார்ச் 27 அன்று, கலாத் இந்தியாவை அணுகியதாக இந்திய அரசின் சமஸ்தானத் துறைச் செயலாளர் வி. பி. மேனன் சொன்னார் என்று அகில இந்திய வானொலியில் ஒரு செய்தி வந்தது. அப்படி எதுவும் இல்லை என்று நேரு பிறகு மறுத்தார். மறுப்பு வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. கான் இணைப்புக்கு ஒப்புக்கொண்டார்.

கானின் தம்பி இளவரசர் அப்துல் கரீம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆதரவாளர்களோடு ஆப்கானிஸ்தானுக்குப் போனார். உதவி கிடைக்காமல் அதே வருஷம் திரும்பி வந்தார். பத்திரமாக வரலாம் என்று ஹர்போய் மலையில் அரசின் ஆட்கள் குர்ஆன் மேல் சத்தியம் செய்தார்கள் என்பது பலூச்கள் சொல்வது. வந்தவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். பத்து வருஷத் தண்டனை. இந்த முதல் சத்தியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 1955 அக்டோபர் 14. மேற்குப் பாகிஸ்தானில் இருந்த மாகாணங்கள், சமஸ்தானங்கள் எல்லாவற்றையும் ஒரே மாகாணமாக உருட்டிச் சேர்த்தார்கள். 'ஒன் யூனிட்' என்று அதற்குப் பெயர். கிழக்கு வங்காளத்தில் மக்கள்தொகை அதிகம். தேர்தல் என்று வந்தால் வங்காளிகள் கையில் ஆட்சி போய்விடும். அதைத் தடுக்க, மேற்கே உள்ள அத்தனை பேரையும் ஒரே தட்டில் வைத்து இரண்டு பக்கமும் சமம் என்று காட்ட வேண்டியிருந்தது. தலைநகரம் லாகூர். வங்காளிகளைக் கட்டிப்போடக் கொண்டுவந்த ஏற்பாட்டில் சிந்திகளும் பட்டாணியர்களும் பலூச்களும் சேர்ந்தே மாட்டிக்கொண்டார்கள். கலாத் வரைபடத்திலிருந்தே போயிற்று. வருஷத்தில் பாதி நாள் ஆட்டு மந்தையோடு இடம் மாறி, கறுப்பு ஆட்டுமயிர்க் கூடாரத்தில் வாழ்ந்த ஒருவனுக்கு, அதுவரை நியாயம் கேட்கப் போகிற இடம் தன் இனக்குழுத் தலைவரான சர்தாரின் வாசல், அதற்கும் மேலே கானின் வாசல். இப்போது அவன் எந்தப் பக்கமும் பார்த்திராத லாகூர் அவனுக்குத் தலைநகரம்.

1957-இல் கானும் சர்தார்களும் குடியரசுத் தலைவர் இஸ்கந்தர் மிர்சாவைப் பார்த்து, கலாத்தை ஒன் யூனிட்டிலிருந்து விலக்கும்படி கேட்டார்கள். நடக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து, 1958 அக்டோபர் 6 அன்று ராணுவம் கலாத்துக்குள் நுழைந்து கானைப் பிடித்துக்கொண்டு போனது. ஆப்கானிஸ்தானோடு சேர்ந்து கலகத்துக்குத் திட்டமிட்டார், பழைய கலாத் கொடியை ஏற்றினார் என்பது அரசு சொன்ன காரணம். கான் அதைக் கடைசிவரை மறுத்தார். மறுநாள் அக்டோபர் 7, நாடு முழுக்க ராணுவச் சட்டம், அரசமைப்பு ரத்து. அந்த மாதம் முடிவதற்குள் மிர்சாவையும் இறக்கிவிட்டு ஜெனரல் அயூப் கான் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தத் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. ராணுவ ஆட்சிக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது, கலாத் கைக்கு வசதியாக இருந்தது. பல பலூச்களும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

இங்கேதான் நௌரோஸ் கான் வருகிறார்.

கலாத்துக்குத் தெற்கே ஜாலாவான் என்ற மலைநாடு. அங்கே பெரிய இனக்குழுக்களில் ஒன்று ஜெஹ்ரி. அதன் தலைமைக் குடும்பமான ஸர்க்ஸாயில் மூத்தவர் நௌரோஸ் கான். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. மரியாதையாக 'பாபு' என்று அழைப்பார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு விஷயம் சொல்லாமல் போக மனமில்லை. ஜெஹ்ரிகள் பலூச் அடையாளத்தோடு வாழ்ந்தாலும் அந்தப் பக்கத்தில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது பிராகுயி. திராவிடக் குடும்பத்தில் வடமேற்கு மூலையில் தனியாக நிற்கும் மொழி. நம் 'கண்' அங்கே 'ஃகன்'. 'கல்' என்பது 'ஃகல்'. பாலுக்குப் பால் என்றே கேட்கும், 'நீ' என்றால் 'நீ'தான். ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்கு 'அசிட், இரட், முசிட்'. நான்கிலிருந்து எண்கள் எல்லாம் பக்கத்து மொழிகளிலிருந்து வாங்கியவை. இத்தனை தூரத்தில் இருக்கும் அந்த மலையில் 'நீ' என்று கூப்பிடும் குரல் நமக்குப் புரியும் என்று நினைக்கும்போது, இந்த வரலாறு எனக்கு வெறும் வெளிநாட்டுச் செய்தியாகத் தெரியவில்லை.

சரி, கதைக்கு வருவோம். கானைக் கைது செய்த கையோடு, இனக்குழுக்களிடம் இருந்த ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னது ராணுவம். அந்த மலைகளில் துப்பாக்கி ஒரு ஆண்பிள்ளையின் உடையில் ஒரு பகுதி மாதிரி. அதைக் கழற்றிக் கொடு என்பது தலைப்பாகையை அவிழ்த்துக் காலில் வை என்பதற்குச் சமம். நௌரோஸ் கான் மறுத்தார். மகனையும் உறவுக்காரர்களையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு மீர்காட் மலைப்பக்கம் ஏறினார். கூட இருந்தவர்கள் 750 முதல் 1000 பேர் வரை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவர் வைத்த கோரிக்கைகள் இரண்டு. கானை விடுதலை செய்யுங்கள். ஒன் யூனிட்டை நீக்குங்கள்.

இதில் தனி நாடு என்ற வார்த்தை இல்லை என்பதைக் கவனியுங்கள். அவரைப் பிரிவினைவாதி என்று சொல்லும் பாகிஸ்தான் தேசியவாதிகளும் சரி, விடுதலைப் போரின் தளபதி என்று சுவரில் எழுதும் இளைஞர்களும் சரி, இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர் பழைய உலகத்து மனிதர். தன் கானுக்கு ஒரு விசுவாசம், தன் மண்ணுக்கு ஒரு வழக்கம், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த அரசியல். சர்தார்களின் ஆட்சியை நான் புனிதமாகக் காட்ட வரவில்லை. குடியானவன் விளைச்சலில் பங்கு, சர்தார் சொன்னதே தீர்ப்பு என்று அதற்கும் கொடிய முகம் உண்டு. ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது: எண்பது வயதுக் கிழவர் குளிர்காலத்தில் மலையேறும் அளவுக்கு என்ன நடந்தது?

மலைப்போர் 1959 வரை நீடித்தது. பதுங்கியிருந்து ராணுவத்தைத் தாக்குவார்கள். பதிலுக்கு, அடைக்கலம் கொடுத்ததாகச் சந்தேகப்பட்ட ஊர்கள் மேல் குண்டு விழும். மலைமேல் இருப்பவனை ஊரை வைத்துத்தான் இறக்க முடியும் என்பது எல்லா ராணுவங்களுக்கும் தெரியும். கீழே பெண்களும் குழந்தைகளும் மந்தைகளும் இருக்கும்போது மேலே இருப்பவன் எத்தனை நாள் தாங்குவான்?

1959 மே மாதம் பேச்சு வந்தது. அரசின் சார்பில் ஆட்கள் மலைக்குப் போனார்கள். நௌரோஸ் கானின் சொந்தக்காரரான ஒரு சர்தாரும் நடுவில் நின்றார். அவர்கள் கையில் குர்ஆன் இருந்தது. இறங்கி வாருங்கள், பொது மன்னிப்பு உண்டு, கோரிக்கைகளைப் பேசித் தீர்க்கலாம் என்று அதன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். இது பலூச்கள் சொல்வது. அப்படி ஒரு உறுதி கொடுக்கவே இல்லை, அவர்களாகச் சரணடைந்தார்கள் என்பது அரசு சொல்வது. எந்தப் பக்கம் உண்மை என்று கேட்டால், நான் கிழவரின் இடத்திலிருந்து யோசிக்கிறேன். பதினொரு வருஷத்துக்கு முன் அப்துல் கரீமுக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் இறங்கினார் என்றால், வெறும் வாய்வார்த்தையை நம்பி இறங்கியிருக்க மாட்டார். இனி இதற்கு மேல் நம்புவதற்கு எதுவும் இல்லை என்கிற ஒன்றைக் கொண்டுவந்து நீட்டியிருக்க வேண்டும்.

பலூச் வழக்கத்தில் கொடுத்த வாக்கை 'கௌல்' என்பார்கள். அடைக்கலம் கேட்டு வந்தவனை, அவன் தன் சொந்த எதிரியாகவே இருந்தாலும், உயிரைக் கொடுத்துக் காப்பது இன்னொரு வழக்கம். நாட்டுப்பாடல்களில் பாதி இதைப் பற்றியவை. நம் ஊர்ப்பக்கம் கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தவன் அதை மீறினால் வம்சமே விளங்காது என்பார்களே, அதைவிடக் கெட்டி. அங்கே பத்திரம் இல்லை, பதிவு இல்லை. வாக்குத்தான் எல்லாம்.

இறங்கியவர்களைக் கைது செய்தார்கள். மச் சிறையில் சிறப்பு ராணுவ நீதிமன்றம். தேசத்துரோக வழக்கு. நௌரோஸ் கானுக்கும் தூக்குத் தண்டனைதான் கிடைத்தது; வயதைப் பார்த்து ஆயுள் தண்டனையாக மாற்றினார்கள். மற்றவர்களுக்கு வயது துணை நிற்கவில்லை. 1960 ஜூலை 15 அன்று சிந்து மாகாணத்தில் ஹைதராபாத், சுக்கூர் சிறைகளில் ஏழு பேரைத் தூக்கிலிட்டார்கள். பட்டே கான், சப்சல் கான், வலி முகமது, பஹாவல் கான், மஸ்தி கான், குலாம் ரசூல், ஜமால் கான். முதலில் சொன்ன பட்டே கான், கிழவரின் மகன்.

இந்த இடத்தில் பலூச்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. உடல்களை அடையாளம் காட்ட நௌரோஸ் கானைக் கூட்டி வருகிறார்கள். 'இதில் உன் மகன் யார்' என்று அதிகாரி கேட்கிறார். எல்லோரும் என் மகன்கள்தான் என்கிறார் கிழவர். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போகிறார். ஒருவனின் மீசை இறங்கிக் கிடக்கிறது. குனிந்து, தன் விரலாலேயே அந்த மீசையை மேலே முறுக்கிவிடுகிறார். செத்த பிறகும் நீ மனம் தளர்ந்துவிட்டாய் என்று எதிரி நினைக்க இடம் கொடுக்காதே மகனே என்று செல்லமாகக் கடிந்துகொள்கிறார்.

அந்த அறையில் நடந்ததைச் சத்தியம் வைத்துச் சொல்ல இன்று யாரும் இல்லை. வாய்வழியாக வந்த கதை, வருஷங்கள் அதை மெருகேற்றியிருக்கும். ஆனால் ஒரு சமூகம் எந்தக் காட்சியை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்பதும் வரலாறுதான். மலையில் எத்தனை சிப்பாய்கள் விழுந்தார்கள் என்ற கணக்கை அவர்கள் பாட்டாக்கவில்லை. மீசையை முறுக்கிவிட்ட விரலை வைத்திருக்கிறார்கள். ஜூலை 15-ஐ இன்றும் தியாகிகள் நாளாக அனுசரிக்கிறார்கள்.

இதன் பலன் மூன்றே வருஷத்தில் தெரிந்தது. மர்ரி இனக்குழுவைச் சேர்ந்த ஷேர் முகமது மர்ரி, இடதுசாரிப் படிப்பும் கெரில்லாப் பயிற்சியுமாக ஒரு படையைக் கட்டினார். 1963 ஜூலைக்குள் 22 முகாம்கள். நௌரோஸ் கான் போல ஒரு கானுக்காக ஏறிய கூட்டம் இல்லை இது. பல இனக்குழுக்களைச் சேர்ந்தவர்கள் ஒன்றாக நின்றார்கள். தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயரைப் பாருங்கள்: 'பராரி'. பேசித் தீர்க்க முடியாத குறை உள்ளவன் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். பேசலாம் வா என்று கூப்பிட்டு இறக்கியவர்களுக்கு அடுத்த தலைமுறை தந்த பதில் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

இனி, என்னை மிகவும் உறுத்தும் பகுதி. நௌரோஸ் கானின் முதல் கோரிக்கை, கானின் விடுதலை. 1962-இல் அதே அயூப் கான் அரசு கானை விட்டது, பட்டத்தையும் திருப்பிக் கொடுத்தது. பிற்காலத்தில் அவர் பலூச்சிஸ்தானின் ஆளுநராகவே ஆனார். ஆனால் அவருக்காக மலையேறிய கிழவரை மட்டும் விடவில்லை. 1965 டிசம்பரில், ஏறத்தாழ தொண்ணூறு வயதில், காவலில் இருந்தபடியே நௌரோஸ் கான் இறந்தார். இரண்டாவது கோரிக்கை, ஒன் யூனிட் ஒழிப்பு. அயூபுக்கு அடுத்து வந்த யாஹியா கான் 1970 ஜூலை 1 முதல் ஒன் யூனிட்டைக் கலைத்தார். பலூச்சிஸ்தான் முதல் முறையாக முழு அந்தஸ்துள்ள மாகாணம் ஆனது. ஆக, எந்த இரண்டு விஷயத்தைக் கேட்டதற்காக ஏழு பேரைத் தூக்கில் போட்டார்களோ, அந்த இரண்டையும் அரசே பத்து வருஷத்துக்குள் தானாகச் செய்துவிட்டது. அப்படியென்றால் 1960-இல் அந்த ஏழு உயிர்களை எதற்காக எடுத்தார்கள்? எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு நியாயமான பதில் கிடைத்ததில்லை.

கேள்வியில் 'இன்னும் ஏன்' என்று இருப்பதால் இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1958-இல் கலாத்துக்குள் ராணுவம் நுழைந்தபோது மத்திய அரசில் இணை அமைச்சராக இருந்தவர்களில் ஒருவர் இளம் பலூச் சர்தார்: லாகூர் எட்சிசன் கல்லூரியில் படித்த நவாப் அக்பர் புக்தி. 1973-இல், தேர்ந்தெடுக்கப்பட்ட அதாவுல்லா மெங்கலின் மாகாண அரசை குடியரசுத் தலைவர் பூட்டோ கலைத்தபோது, பலூச்சிஸ்தானின் ஆளுநர் பதவியை ஏற்றுக்கொண்டவரும் இவரே. அதற்காகப் பல பலூச்கள் அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. நௌரோஸ் கானுக்கு நேர் எதிர்த் திசையில் நின்ற மனிதர் என்றே சொல்லலாம்.

அவருடைய மண்ணில்தான் சுயி எரிவாயு இருக்கிறது. 1952-இல் கண்டுபிடித்து, 1955-லிருந்து குழாய் வழியே கராச்சிக்கும் பிறகு பஞ்சாபுக்கும் கொண்டுபோனார்கள். மாகாணத் தலைநகரான குவெட்டாவுக்கே அந்த வாயு எண்பதுகளில்தான் வந்தது. 2005 ஜனவரியில் சுயியில், எரிவாயு நிறுவனத்தின் குடியிருப்புக்குள் ஒரு பெண் மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். குற்றம் ஒரு ராணுவ அதிகாரி மேல் சொல்லப்பட்டது. தன் மண்ணில் ஒரு பெண்ணுக்கு நடந்த அவமானம் தன் இனத்துக்கே நடந்தது என்று புக்தி எடுத்துக்கொண்டார். மோதல் வெடித்தது. இது எழுபதுகள் அல்ல, எது வந்து தாக்கியது என்றுகூட உங்களுக்குத் தெரியாது என்ற பொருள்பட தொலைக்காட்சியில் எச்சரித்தார் அப்போது நாட்டை ஆண்ட ஜெனரல் முஷாரஃப். அந்த மார்ச் 17 அன்று தேரா புக்தி ஊரில் நடந்த குண்டுவீச்சில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர், நவாபின் வீட்டையொட்டித் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த இந்துக்கள். இஸ்லாமாபாதிலிருந்து அரசியல்வாதிகள் சமரசம் பேச வந்தார்கள், கொஞ்ச நாள் நம்பிக்கையும் இருந்தது, ஆனால் கைகூடவில்லை. வருஷக் கடைசியில் முழு ராணுவ நடவடிக்கை தொடங்கியது. நடக்கவே சிரமப்பட்ட புக்தி, 79-ஐத் தொடும் வயதில், ஒட்டகத்தில் மலையேறினார். நௌரோஸ் கான் ஏறிய அதே வயது.

2006 ஆகஸ்ட் 26 அன்று கோலு மலைப்பகுதியில் ஒரு குகையில் அவர் கொல்லப்பட்டார். குகை தானாக வெடித்து இடிந்தது என்றது அரசு. திட்டமிட்ட கொலை என்றார்கள் பலூச்கள். அந்தச் சாவுக்குப் பிறகு தொடங்கிய கலகம் இன்றுவரை அடங்கவில்லை. ஆயிரக்கணக்கில் ஆட்கள் காணாமல் போயிருக்கிறார்கள். அவர்கள் புகைப்படத்தை மார்பில் அணைத்துக்கொண்டு தாய்மார்களும் தங்கைகளும் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள். மறுபக்கம், 2024-இல் அதே ஆகஸ்ட் 26 அன்று, மூசாக்கேல் மாவட்டத்தில் ஆயுதக் குழுவினர் பஸ்களையும் லாரிகளையும் நிறுத்தி, அடையாள அட்டையைப் பார்த்து, பஞ்சாபிகள் என்று தெரிந்தவர்களை இறக்கி இருபதுக்கும் மேற்பட்டோரைச் சுட்டார்கள். வேலைக்குப் போன ஏழைகள் அவர்கள். நௌரோஸ் கான் பெயரையோ புக்தி பெயரையோ சொல்லி இதை நியாயப்படுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வழியில் போகிற நிராயுதபாணியைக் காப்பதுதான் அந்தக் கிழவர்கள் அறிந்த பலூச் வழக்கம்.

1960-இல் ஏழு உடல்களையும் அடையாளம் காட்டவாவது கிழவரைக் கூப்பிட்டார்கள் என்று அந்தக் கதை சொல்கிறது. 2006 செப்டம்பர் 1 அன்று தேரா புக்தியில் அக்பர் புக்தியை அடக்கம் செய்தபோது, பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். உடலைக் கேட்ட மகன்களிடம் கொடுக்கவில்லை. முகத்தைப் பார்க்க வீட்டார் யாரும் அங்கே இல்லை.